கனிவான கவனத்திற்கு

நான் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். இப்போதெல்லாம் ஒழுங்காக வரும் வண்டிகளை இயந்திரமே அறிவித்துவிடுகிறது. ஒரு பெண்ணின் குரலைத் துண்டு துண்டாகப் பதிவுசெய்து, எண்களை ஒட்டி, காலை முதல் இரவு வரை ஓடவிட்டிருக்கிறார்கள். இயந்திரத்துக்குச் சரியாகச் சொல்லத் தெரியாத இரண்டு விஷயங்களுக்கு மட்டும் நான்: தாமதமாகும் வண்டிகள், காணாமல் போன குழந்தைகள். இரண்டுக்கும் குரலில் தேன் தடவிக்கொள்ள வேண்டும். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று நான் ஆரம்பித்தால், மூன்று மணி நேரத் தாமதத்தைக் கேட்கப்போகிறவர்கள்கூட ஒரு நிமிடம் பல்லைக் கடிக்காமல் நிற்பார்கள் என்பார் நிலைய அதிகாரி.

போன மாதம் வரை இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது எழுதும்போதே காது சுடுகிறது.

அந்தக் குரலுக்காகத்தான் எங்கள் மாதா கோயிலிலும் என்னைப் பைபிள் வாசகம் படிக்கக் கூப்பிடுவார்கள். கிறிஸ்மஸுக்கு முந்தின நான்கு வாரம், திருவருகைக் காலம், தொடங்கியதும் பங்குச் சாமியாருக்கு ஒரு யோசனை. கோயிலுக்கு வர முடியாமல் படுக்கையில் கிடப்பவர்களுக்கு, ஞாயிறு வாசகத்தை ஒலிப்பதிவாக அலைபேசியில் அனுப்பலாம் என்றார். மூன்றாம் ஞாயிறு என் முறை. அது மகிழ்ச்சி ஞாயிறு. வாசகம், விலங்கு மாட்டிச் சிறையில் கிடந்த ஒரு திருத்தூதர் எழுதிய கடிதம். அங்கிருந்து அவர் எழுதிய சேதி ஒரே ஒரு சொல்தான்: மகிழுங்கள். எனக்கு விலங்கு இல்லை, சிறை இல்லை. மாதம் பிறந்தால் சம்பளம், மனைவி, இரண்டு பெண்பிள்ளைகள், மாடியில் மூன்று அறை வீடு.

வீட்டில் எங்கள் திருவருகைக் காலம் எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். கூடத்து மேசையில் பச்சை இலை வளையம், அதில் நான்கு மெழுகுவத்தி. மூன்று ஊதா, ஒன்று ரோஜா நிறம். தினமும் ஏழு மணிக்கு நான் தீக்குச்சியைக் கிழிப்பேன். அதற்குள் மூன்று பேரும் வரிசையில் நிற்க வேண்டும். பெயர்தான் ஜெபம், நடந்தது அணிவகுப்பு. முதல் வாரம் மேசை விரிப்பில் ஒரு சொட்டு மெழுகு விழுந்தது. அதற்கு நான் எடுத்த வகுப்பு, ஜெபத்தைவிட நீளம். ஏழு வயதுச் சின்னவள், ஒல்லியாக இருந்துகொண்டு சுருக்கென்று பேசுவதால் நாங்கள் குண்டூசி என்று கூப்பிடுகிறவள், ஒருநாள் கேட்டாள்:

"அப்பா, ஒண்ணு மட்டும் ஏன் ரோஸ் கலரு?"

"மூணாவது வாரம் மகிழ்ச்சி வாரம். அதுக்கு."

"அப்போ மத்த வாரம் சிரிக்கக் கூடாதா?"

"ஜெபத்துல கேள்வி கேக்காதே. கையைக் கட்டு."

கையைக் கட்டிக்கொண்டாள். நான் கண்ணை மூடி, மிகவும் உருக்கமாக ஜெபித்தேன்.

மூன்றாம் ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கு எனக்குப் பணி. காலையிலேயே பதிவை முடித்துவிடலாம் என்று படுக்கையறைக்குள் போனேன். தொழில் தெரிந்தவன் அல்லவா, எதிரொலி வராமல் இருக்கக் கதவில் கம்பளியைத் தொங்கவிட்டேன். தலையணைமேல் அலைபேசியைச் சாய்த்துவைத்து, நின்றபடி படித்தேன். முதல் தடவை கூடத்திலிருந்து இரைச்சல் வந்து கெடுத்தது. ஒரு சத்தம் போட்டு அடக்கிவிட்டு மேலே படித்தேன். திருப்தியில்லை. இரண்டாவது தடவை, ஓர் எழுத்து பிசகவில்லை. வண்டிகளை நேரத்தால் அடையாளம் சொல்லிப் பழகியவன் என்பதால் பதிவுகளுக்கும் நேரத்தையே பெயராக வைத்தேன். முதலாவது பத்து பதினாலு. இரண்டாவது பத்து நாற்பத்தொன்று. சட்டையை மாட்டிக்கொண்டே சாமியாருக்கு அனுப்பிவிட்டு ஓடினேன். பத்தொன்பது வருடத்தில் ஒரு வண்டியின் எண்ணைக்கூடப் புரட்டிச் சொல்லாதவன், அன்று நாற்பத்தொன்றைப் பதினாலாக்கி அனுப்பியிருக்கிறேன்.

மூன்று மணிக்குச் சாமியார் கூப்பிட்டார். வயதில் என்னைவிடச் சின்னவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

"அண்ணே, பதிவு வந்துச்சு. நான் இன்னும் யாருக்கும் அனுப்பல. வேற எதையோ அனுப்பிட்டீங்க போலிருக்கு. நேரம் கெடைக்கும்போது நீங்களே ஒரு தடவ கேட்டுப் பாருங்க."

"என்ன ஃபாதர், சத்தம் கொறைவா இருக்கா?"

"அதெல்லாம் நல்லாவே கேக்குது." கொஞ்சம் தயங்கினார். "அக்கா ரொம்ப நல்லா பேசுறாங்க, அண்ணே."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் மனைவி எதற்கு இதில் வந்தாள்? அறிவிப்பு அறையில் காதை முழுசாக மூடுகிற பெரிய ஹெட்ஃபோன் ஒன்று உண்டு. அதை மாட்டிக்கொண்டு கேட்டேன்.

முதலில் என் குரல். முன்னுரை, மூச்சு, இடைவெளி எல்லாம் கச்சிதம். அதற்கு அடியில், கம்பளியையும் கதவையும் தாண்டி, மெல்லியதாக இன்னொரு குரல். காலையில் எனக்கு இரைச்சலாகக் கேட்டது, ஹெட்ஃபோனில் வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. என் மனைவி ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பாளர். நாள் முழுக்க வலியோடு வருகிறவர்களைப் பார்ப்பவள். அவள் இப்படிப் பேசுவாள் என்று பதினாறு வருடத்தில் எனக்குத் தெரியாது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. பணியிலிருந்து புறப்பட்டு, கூடம், சமையலறை வழியாகப் படுக்கையறை வரை செல்லும் அப்பா, வழக்கமான கோபத்துடன் இன்னும் சற்று நேரத்தில் முதலாவது நடைமேடைக்கு வந்து சேருவார். பயணிகள் செருப்பை வரிசையாக வைத்து, டிவியை அணைத்து, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். இந்த வண்டி, சிரிப்பு என்னும் நிலையத்தில் நிற்காது."

என் ஏற்ற இறக்கம், 'சற்று நேரத்தில்' என்பதில் நான் கொடுக்கும் அழுத்தம், எதுவும் தப்பவில்லை. பிறகு மூன்று பேரும் சிரித்தார்கள். பதினான்கு வயதுப் பெரியவள் மூக்கால் சிரித்தாள். குண்டூசி கீச்சென்று கத்தினாள். என் மனைவி சிரித்துச் சிரித்து விக்கினாள். கல்யாணமான புதிதில் அப்படி விக்குவாள். தண்ணீர் எடுத்துக் கொடுப்பேன், குடிக்கும்போதும் சிரிப்பாள்.

அடுத்து என் குரல். வாசகக் குரல் அல்ல.

"ஏய்! அங்க என்ன சந்தையா நடக்குது? ஒரு மனுஷன் அஞ்சு நிமிஷம் ஆண்டவர் வார்த்தையப் படிக்க முடியுதா இந்த வீட்ல? வாய மூடிக்கிட்டு இருந்தா கொறைஞ்சா போயிடுவீங்க? உங்களுக்கெல்லாம் எதுக்குடி கிறிஸ்மஸ்?"

கத்தியால் வெட்டியதுபோல் சிரிப்பு நின்றது. பிறகு பெரியவள் கிசுகிசுத்தாள்:

"அழாதடி. அப்பா டியூட்டிக்குப் போனதும் சிரிச்சுக்கலாம்."

அதற்குமேல் நான் தொண்டையைச் செருமும் சத்தம். அப்புறம் தேன் வழிய, நிறுத்தி, அழுத்தி, நான் சொன்னேன்: "மகிழுங்கள்."

அறையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஜனங்கள் பெட்டியும் பையுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களில் யாராவது என்னைப் பார்த்துவிடுவார்களோ என்று நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்தேன். முதலில் வந்தது கோபம்தான், பொய் சொல்ல மாட்டேன். என்னை வைத்துக் கேலியா, இவர்களுக்காகத்தானே மாடாக உழைக்கிறேன் என்று. இரண்டாவது தடவை கேட்டபோது அந்தக் கோபத்துக்குக் கால் ஊன்ற இடமில்லை. அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. என் பிள்ளைகள் சிரிப்பை, திருட்டுத் தின்பண்டம் மாதிரி, நான் இல்லாத நேரத்துக்காக எடுத்து வைத்திருக்கிறார்கள்.

அந்த நேரம் பார்த்து ஒரு தாமத அறிவிப்பு வந்தது. நாற்பது நிமிடம். ஒலிவாங்கியைத் திறந்து "பயணிகளின்" என்றேன். 'கனிவான' என்ற சொல்லை விட்டுவிட்டேன். "பயணிகளே, வண்டி நாற்பது நிமிடம் தாமதம்" என்று வெறுமனே சொல்லிவிட்டு மூடினேன். நிலைய அதிகாரி எட்டிப் பார்த்து, உடம்பு சரியில்லையா என்றார். சரியில்லைதான் என்றேன்.

சாமியாருக்குச் சரியான பதிவை அனுப்பியிருக்கலாம். பத்து நாற்பத்தொன்றைக் கேட்டேன். பிசிறே இல்லை. கேட்கக் கேட்க உடம்பு கூசியது. பின்னால் அவ்வளவு அமைதி எப்படி வந்தது என்று இப்போது தெரியுமே. அவரைக் கூப்பிட்டு, "ஃபாதர், இந்த வாரம் வேற யாரையாவது படிக்கச் சொல்லுங்க. எனக்குத் தகுதியில்ல" என்றேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "சரி அண்ணே, நானே படிச்சு அனுப்பிடுறேன்" என்று வைத்துவிட்டார்.

ஆறு மணிக்குப் பணி முடிந்தது. வீட்டுப் படியில் ஏறும்போதே மேலே தடதடவென்று ஓட்டம் கேட்டது. யாரோ செருப்பை இழுத்தார்கள். டிவி வாயை மூடிக்கொண்டது. கதவைத் திறந்தால் செருப்புகள் அளவெடுத்த மாதிரி வரிசை. பெரியவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். குண்டூசி விரித்து வைத்திருந்த புத்தகம் தலைகீழாக இருந்தது. தினமும் இதைத்தான் பார்த்து, பிள்ளைகளை நன்றாக வளர்த்திருக்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கைகழுவப் போயிருக்கிறேன்.

மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள். நான் வாங்கவில்லை.

"காலையில நான் பதிவு பண்ணினப்போ, நீங்க பேசினதும் அதுல விழுந்திருக்கு. கேட்டேன்" என்றேன்.

அவள் முகம் வெளிறிப்போனது. பெரியவள் பேனாவைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"அப்பா, அம்மா ஒண்ணும் பண்ணல. நான்தான் பேசச் சொன்னேன்."

"அவ இல்லங்க, நான்தான். சும்மா வெளையாட்டுக்கு..." என்றாள் மனைவி.

"நான்தான் சத்தமா சிரிச்சேன்" என்றாள் குண்டூசி. சொல்லும்போதே கையைக் கட்டிக்கொண்டாள்.

மூவரும் வரிசையில் வந்து நின்றுவிட்டார்கள். ஒருத்தியைக் காப்பாற்ற இன்னொருத்தி முன்னால் வருகிறாள். யாரிடமிருந்து காப்பாற்ற? என்னிடமிருந்து. தரை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. பேச வேண்டியதை ரயிலில் வரும்போது ஒத்திகை பார்த்திருந்தேன், நல்ல வார்த்தைகளாக. ஒன்றுகூட வரவில்லை.

"நீங்க யாரும் தப்புப் பண்ணல. தப்பு என்னுது. நான்தான் ரொம்ப மோசமா நடந்துக்கிட்டேன். இவ்ளோ நாளும்."

யாரும் நம்பவில்லை. பெரியவள் அம்மாவைப் பார்த்தாள். இது புது மாதிரித் திட்டாக இருக்குமோ, இன்னும் முடியவில்லையோ என்று காத்திருந்தார்கள். கடைசியில் குண்டூசிதான் கேட்டாள்:

"அப்போ இன்னைக்குத் திட்டு யாருக்கு?"

"எனக்கு" என்றேன்.

"யாரு திட்டுவா?"

அவள் யோசித்தாள். கட்டிய கையை அவிழ்த்தாள். நாற்காலியை இழுத்துப்போட்டு அதன்மேல் ஏறி, என் உயரத்துக்கு வந்தாள்.

"நான் திட்டட்டா?"

"ஏய், இறங்குடி" என்று மனைவி பதறினாள்.

"விடு. திட்டட்டும்" என்றேன்.

குண்டூசி இடுப்பில் ஒரு கையை வைத்தாள். மற்றக் கையின் ஆள்காட்டி விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். என் விரல் அது. நான் நீட்டுகிற அதே கோணம்.

"எத்தன தடவ சொல்றது? காது என்ன செவுடா? நான் ஒருத்தன் கத்திக்கிட்டே இருக்கணும், நீங்க பாட்டுக்கு ஆடிக்கிட்டே இருப்பீங்க! என்ன முழிக்கிறே? மூஞ்சியத் தொடை! பெருசா படிச்சுக் கிழிச்சிட்ட மாதிரி..."

ஒவ்வொன்றும் நான் சொன்னது. எந்த நாள், எந்தத் தப்புக்கு என்றுகூட நினைவு வந்தது. ஏழு வயது வாயில் கேட்டபோதுதான் அவை எவ்வளவு அசிங்கம் என்று தெரிந்தது. கண் கலங்கியது. தலையைக் குனிந்துகொண்டேன். அவள் விடவில்லை.

"கீழ என்ன பாக்குறே? தரையில வெடையா எழுதியிருக்கு?"

பின்னாலிருந்து மூக்கால் ஒரு சத்தம் வந்தது. பெரியவள். உடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் என் மனைவி சிரித்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, என் முன்னாலேயே சிரித்தாள். குண்டூசி திகைத்து அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நீட்டிய விரலை மெதுவாக மடக்கினாள்.

"நிறுத்தாதம்மா," என்றேன், தலை நிமிராமல். "இன்னும் திட்டு."