உபதேசியார் வெளியே வந்து சொன்னது

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள். நாகலூரில் ஒரு மனுஷர் செத்துப்போன கதையைச் சொல்கிறேன். பயமான கதைதான். பயந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளலாம்.

புஷ்பலதா ஈரத்துணியால் அப்பாவின் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் மூன்று மணிக்கே பனிமூட்டம் ஜன்னல்வரை வந்து காப்பிச் செடிகளை மறைத்துவிட்டது. உள்ளே அவருடைய மூச்சு மட்டும் இழுத்து இழுத்து வந்தது.

அப்பா ஆசிர், காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவர். அங்கிருந்த சின்ன லுத்தரன் சபைக்கு, போதகர் வராத நாளில் ஜெபம் நடத்தும் உபதேசியாரும் அவர்தான். சபையில் யார் சாகக் கிடந்தாலும் போய், "இயேசுவை நம்பித்தானே கண்ணை மூடறீங்க?" என்று காதோரம் கேட்பார். சுவரில் கறுப்புத் தொப்பியோடு படமாக இருக்கும் மார்ட்டின் லுத்தர்தான் இந்தச் சபைவழியைத் தொடங்கியவர்; ஏறக்குறைய ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் அவர் சாகக் கிடந்தபோது அவரிடம் கேட்ட கேள்வி அது. அவர் ஆமாம் என்றாராம். ஆசிரும் வெளியே வந்து, "ஆமான்னு சொல்லிட்டாருங்க" என்பார். அதற்குப் பிறகுதான் வீட்டார் வாய்விட்டு அழுவார்கள்.

இன்று மலைப்பாதையில் மரம் விழுந்து, போதகர் அடிவாரத்திலேயே நின்றுவிட்டார். கேட்க வேண்டியவள் புஷ்பலதா. மூன்று முறை கேட்டுவிட்டாள். மூன்று முறையும் அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "சொன்னாரா கண்ணு?"

"இன்னும் இல்லீங்கம்மா."

"ஊரையெல்லாம் கேட்ட மனுசன். இவரே சொல்லாமப் போனா, எங்க போனாருன்னு நான் நெனைக்கறது?"

பின்னால் நின்ற பக்கத்து வீட்டு ரூத்தம்மா அம்மாவின் தோளைத் தொட்டாள். "பயப்படாதீங்கக்கா. எங்க ஊட்டுக்காரரு சாவற அன்னைக்கும் சாராய பாட்டில் கேட்டவரு. அவரே ஆமான்னு சொன்னாரில்ல? உபதேசியாரு வந்து சொன்ன அந்த ஒத்த வார்த்தையிலதான் பதினோரு வருசமாத் தூங்கறேன்."

கதவு சாத்தியதும் அப்பா கண்ணைத் திறந்தார். புஷ்பலதா அவர் வாயருகே குனிந்தாள்.

"கண்ணு, நொம்பப் பயமா இருக்குது."

"ஏனுங்கப்பா, நீங்களே இப்படிப் பேசினா எப்படி? ஒரு வார்த்தை சொல்லிருங்க."

"யாரும் சொன்னதில்ல கண்ணு."

"எதைங்கப்பா?"

"ஆமான்னு. ஒருத்தரும் சொன்னதில்ல. ரூத்து ஊட்டுக்காரனும்தான். எல்லாரும் பயமா இருக்குதுன்னாங்க. என் கையைப் புடிச்சு நெரிச்சாங்க. நாந்தான் வெளிய வந்து..." மூச்சு வாங்கியது. "நான் சொன்னது பொய்யா புஷ்பா?"

தொப்பிக்காரர் படத்திலிருந்து வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கையை நீட்டினாள். அப்பா பிடித்துக்கொண்டார். பிடி இறுகி இறுகி நகம் பதிந்தது. வெகுநேரம் கழித்து, ஒவ்வொரு விரலாக விட்டது.

வெளியே இலைகளிலிருந்து பனி சொட்டும் சத்தம் அப்போதுதான் கேட்டது.

அவள் கதவைத் திறந்தாள். இரண்டு பெண்களும் எழுந்து நின்றார்கள். போய்விட்டாரா என்று யாரும் கேட்கவில்லை.

"சொன்னாரா?" என்றாள் அம்மா. ரூத்தம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு புஷ்பலதாவின் முகத்தையே பார்த்தாள்.

"ஆமான்னு சொல்லிட்டாருங்கம்மா."

அம்மா அப்படியே உட்கார்ந்து அழத் தொடங்கினாள். புஷ்பலதா வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். புறங்கையில் நான்கு நகக்குறிகள் சிவந்துகொண்டிருந்தன.

போய் வாருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டில் யார் பயந்து கையை நீட்டினாலும், பிடிக்க ஒரு கை பக்கத்திலேயே இருக்கட்டும்.