துணையாள் ஏறாத ரயில்

மணிமொழியைப் பெட்டிக்குள் ஏற்றிவிட்டுப் பின்னால் ஏற வந்த அண்ணன் மாறனைக் கூட்டம் பிளாட்பாரத்துக்கே தள்ளிவிட்டது. திருவண்ணாமலை ஸ்டேஷன், பௌர்ணமிக்கு மறுநாள் காலை. கிரிவலம் முடித்த ஜனம் மொத்தமும் காட்பாடி பாசஞ்சரில் ஏறப் பார்த்தது. "உள்ள போ மணி, வந்துட்டேன்" என்ற அண்ணனின் குரல் கேட்டது. ரயில் நகர்ந்தபோது அந்தக் குரல் வெளியிலேயே நின்றுவிட்டது.

மணிமொழிக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. வேலூரில் ஒரு வங்கிக் கிளையில் கிளார்க் வேலை கிடைத்திருந்தது. சேர அன்றுதான் கடைசி நாள்.

யாரோ ஒரு பெண் அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். சந்திரம்மாள் என்று பேர் சொன்னாள். "கூட யாரும் வரலையாம்மா?"

"எங்கண்ணன் வந்தாரு. ஏற முடியல."

மாறன் போனில் அழைத்தான். "போளூர்ல எறங்கி அங்கயே நில்லு. பஸ்ஸ புடிச்சு வந்துடறேன்."

"லேட்டாயிடும்ண்ணா."

"டிக்கெட் எங்கிட்ட இருக்குது. சொல்றத கேளு."

துரிஞ்சாபுரம் தாண்டியதும் டிக்கெட் பரிசோதகர் வந்தார். மணிமொழி பையிலிருந்து ரயில்வே சலுகை அட்டையை எடுத்து நீட்டினாள்.

"இத காட்டி டிக்கெட் வாங்கலாம்மா. இதுவே டிக்கெட் ஆகாது."

"டிக்கெட் எங்கண்ணன்கிட்ட மாட்டிக்கிச்சு சார். எனக்கும் தொணைக்கு வர்றவருக்கும் சேத்து ஒரே டிக்கெட். அவரு பிளாட்பாரத்துல நின்னுட்டாரு."

யாரோ சிரித்தார்கள். மாறன் டிக்கெட்டைப் படம் பிடித்து அனுப்பினான். படம் செல்லாது என்றார் பரிசோதகர். மணிமொழி மறுபடியும் அண்ணனை அழைத்துப் போனை அவரிடம் கொடுத்தாள். எதிர்முனையில் மாறன் சத்தமாகப் பேசியது அவளுக்கும் கேட்டது.

"அவ தனியா எங்கயும் போனதில்ல சார். போளூர்ல எறக்கி ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட உக்கார வெச்சுடுங்க."

பரிசோதகரின் குரல் இளகியது. "சரிங்க. எறங்கிட்டா ஃபைன் போடல. பாவம், கண்ணு தெரியாதவங்க."

"நான் எறங்கல சார்" என்றாள் மணிமொழி. "ஃபைன் போடுங்க."

"ஃபைனுக்கு சலுகை கெடையாதும்மா. முழுசா கட்டணும்."

"கட்டறேன்."

ஐந்நூறு ரூபாய் நோட்டை நாலாக மடித்து வைப்பது அவள் வழக்கம். விரலால் தடவி அதை எடுத்து நீட்டினாள். அவர் ரசீதும் மீதியும் கொடுத்தார்.

போளூரில் வண்டி நின்றது. மடியில் போன் விடாமல் அதிர்ந்தது. இறங்குகிறவர்கள் அவள் முழங்காலை இடித்துக்கொண்டு போனார்கள். எழுந்துவிடலாமா என்று இருந்தது. அண்ணன் சொன்ன இடத்தில் நிற்காமல் போவது அவளுக்கு இதுவே முதல் தடவை. வேலூரில் எந்தப் பக்கம் இறங்குவது, யாரைக் கேட்பது, ஒன்றும் தெரியாது.

"எறங்கறியாம்மா?" என்றாள் சந்திரம்மாள்.

"இல்லக்கா." ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். வண்டி கிளம்பி வெகுநேரம் கழித்துத்தான் அவள் விரல்கள் தளர்ந்தன.

வேலூர் கண்டோன்மென்ட் நெருங்கும்போது பரிசோதகரே வந்து, "வலது பக்கம் எறங்கும்மா, படி கொஞ்சம் ஒசரம்" என்றார். அவள் தன் மடக்குக் குச்சியை விரித்து இறங்கினாள். இரண்டு பேர் தப்பாக வழி சொன்னார்கள். மூன்றாவது ஆள் ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

மாறன் வங்கிக்குள் மூச்சிரைக்க ஓடி வந்தபோது அவள் வேலையில் சேர்ந்து கையெழுத்துப் போட்டு முடித்திருந்தாள்.

"உயிரே போயிடுச்சு. போன எடுத்திருக்கலாம் இல்ல?"

"எடுத்திருந்தா எறங்கியிருப்பேன்ண்ணா."

அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான். அவள் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவன் கையில் வைத்தாள்.

சாயங்காலம் ஸ்டேஷன் கவுன்ட்டரில் அட்டையைக் காட்டிச் சலுகை சீசன் டிக்கெட் கேட்டாள். தினமும் துணைக்கு வருகிறவருக்கும் சேர்த்தா என்று கேட்டார் உள்ளே இருந்தவர்.

"எனக்கு மட்டும்" என்றாள்.

மாறன் வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்று, தனக்குத் திருவண்ணாமலைக்கு ஒரு முழு டிக்கெட் வாங்கினான்.