இடப்பக்கம் இழுக்கிற கார்

ஆதிநாராயணனின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்த தனசேகரன் மாமா, முடிச்சு விழுவதற்குள் தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

"நரேஷு ஓட்டியிருந்தா அர மணியில விழுப்புரம் பூட்டிருப்பான். பொம்பள கையில ஸ்டீரிங்க குடுத்தா இன்னா ஆவும்?"

விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்ட நைனா ஆதிநாராயணனை மகள் பிரவீணாதான் காரில் போட்டுக்கொண்டு போனாள். தம்பி நரேஷ் தன் வீட்டில் போனை அணைத்துவிட்டுத் தூங்கினான். "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமேம்மா" என்று டாக்டர் சொன்னது அம்மா உண்ணாமலை காதில் விழுந்தது. வீடு திரும்பியதிலிருந்து மகளை நைனா பக்கத்தில் உட்கார விடவில்லை.

மெதுவாகத்தான் போனாள். நாற்பதைத் தாண்டினால் ஸ்டீரிங் உதறுகிறது. கையைக் கொஞ்சம் தளர்த்தினால் கார் இடப்பக்கப் பள்ளத்துக்கு ஓடுகிறது. வலப்பக்கம் திருப்பிப் பிடித்தபடியே போனால்தான் நேராகப் போகும். சிங்கவரம் ரோட்டில் நரேஷ் கல்மேல் ஏற்றியதிலிருந்து இந்தக் கூத்து. வீல் அலைன்மென்ட் பாருடா என்று தலைபாடாக அடித்துக்கொண்டாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சிரித்தான். குடும்பமே மேல்மலையனூர் கோயிலுக்குப் போய்ப் பூசை போட்டு, நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியது. வளைந்த இரும்பு பழச்சாற்றில் நிமிர்ந்துவிடும் என்று நம்பிய மேதாவிகள். பிறகு, கடையில் விட்டுச் சரி பண்ணிவிட்டதாக நரேஷ் சொன்னான். அன்றிலிருந்து அவன் மட்டும் பைக்கில்தான் போகிறான். அதைக் கவனிக்க இந்த வீட்டில் யாருக்கும் மூளை இல்லை.

வாசலில் அவள் புருஷன் ஜெகதீஷ் டயரை எட்டி உதைத்து, "காத்து கம்மியா இருக்கும்" என்றான். பெரிய இன்ஜினியர். முன் டயர் உள்பக்கம் தேய்ந்து கம்பி தெரிவதைக் குனிந்து பார்க்க அவனுக்கு இடுப்பு வளையாது.

உள்ளே நரேஷ் அம்மா மடியில் விழுந்து அழுதான். "நான் இருந்திருந்தா நைனாவ காப்பாத்தியிருப்பேம்மா." உண்ணாமலை அவன் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அப்போது போன் வந்தது. நைனாவின் தங்கை குஞ்சம்மாள் திண்டிவனத்தில் பஸ் கிடைக்காமல் நிற்கிறாள்.

"எடுக்க நேரமிருக்குது. நரேஷு, நீ போனா சீக்கிரம் வந்துடுவ" என்றார் மாமா.

பிரவீணா சாவியை எடுத்துத் தம்பி முன் நீட்டினாள்.

"போடா. மதுமதியும் காலைலேர்ந்து அழுவுறா. உன் பொண்ணையும் முன்னாடி சீட்டுல ஏத்திக்கினு போ."

நரேஷ் சாவியைப் பார்த்தான். கை நீளவில்லை.

"பைக்குல போறேன்."

"முட்டி தேஞ்ச அத்தைய பைக்குலயா?"

"வாடகை வண்டி சொல்லிக்கலாம்."

"ஏன்டா, வாசல்ல காரு நிக்குதே?" மாமாவுக்கு நிஜமாகவே புரியவில்லை.

நரேஷ் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "கொழந்தய வச்சிக்கினு அதுல வேணாம் மாமா. ரொம்ப இழுக்கும்."

உண்ணாமலையின் கை மகன் தலையிலிருந்து இறங்கியது. சற்றுப் பொறுத்து அவள் பாயில் நகர்ந்து, மகளுக்கு இடம் விட்டாள்.

பிரவீணா அந்தப் பக்கம் போகவில்லை. சுற்றி வந்து, நைனாவின் தலைமாட்டில் வெறுந்தரையில் உட்கார்ந்து, அவர் நெற்றியில் மொய்த்த ஈயை ஓட்டினாள்.