தையலில்லாத கழுத்துறை

குமுதவல்லி பின்னல் போடும் வட்ட ஊசியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். இரண்டு ஊசிமுனை, நடுவே வளையும் கம்பி. அதன்மேல் வரிசையாகக் கண்ணிகள். முதல் கண்ணியையும் கடைசிக் கண்ணியையும் சேர்க்குமுன் எல்லாம் ஒரே பக்கம் பார்த்திருக்க வேண்டும். வரிசை ஓரிடத்தில் புரண்டிருந்தாலும் வளையம் முழுக்க முறுக்கிக்கொள்ளும். அப்புறம் அழுதாலும் நேராகாது, அவிழ்க்கத்தான் வேண்டும்.

"என்ன மாமி, மஃப்ளரா? இந்த அக்னி வெயில்லயா?" மாடிவீட்டு முருகேஸ்வரி கறிவேப்பிலை வாங்க வந்தவள், அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"மஃப்ளர்னா முனை தொங்கும்டீ. இதுக்கு முனையே கிடையாது. தலை வழியா மாட்டிக்கணும். ஸ்ரீப்ரியா இதைக் கௌல்னு சொல்லுவா. அவளுக்கும் அவ ஆபீஸ் சிநேகிதிகளுக்கும் போன வருஷம் பின்னி அனுப்பினேனே."

"உங்க மக இருக்கது பனி ஊரு. தூத்துக்குடியில யாருக்குக் குளுருது? உப்புக்காத்துல தோலே உரியுது."

"இவருக்குடீ."

முருகேஸ்வரி உள்ளறையை ஒரு பார்வை பார்த்தாள். குரல் தணிந்தது. "அண்ணாச்சி இன்னும் வெளியவே வரலியா மாமி?"

"வாசல் வரைக்கும்கூட இல்லே."

அவள் கணவர் யதிராஜன் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆனால் அவரை ஊர் அறிந்தது அதற்காக இல்லை. ஆழ்வார்திருநகரி கோவிலில் பிரபந்தம் ஓதிச் சேவிக்கிற கோஷ்டியில், பாசுரத்தின் முதலடியை எடுத்துக் கொடுக்கிற குரல் அவருடையது. இவர் எடுத்தால்தான் மற்றவர்கள் தொடர்வார்கள். அந்தக் குரல்வளையில் புற்று வந்து, டாக்டர்கள் அதை முழுதாக எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தின் அடியில் ஒரு துளை; மூச்சு போவதும் வருவதும் அதன் வழியாகத்தான். பேச்சு சிலேட்டில்.

துளைக்குத் தூசி ஆகாது, ஈ ஆகாது. மெல்லிய துணியைக் கட்டினால் மூச்சை இழுக்கும்போது அதுவும் சேர்ந்து உள்ளே ஒட்டிக்கொள்ளும். கம்பளியில் பின்னினால் உதிரும் இழை உள்ளே போய்விடும். அதனால்தான் குமுதவல்லி பருத்தி நூலை எடுத்தாள். பின்னல் கொஞ்சம் விறைப்பாக நிற்கும். காற்று நுழையும், தூசி நுழையாது. முதலில் தனக்கே ஒன்று பின்னி, அதை மாட்டிக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க அடுப்படியில் நின்று பார்த்தாள். வேர்த்தது, ஆனால் மூச்சு முட்டவில்லை. பட்டையாகப் பின்னிப் பின்பக்கம் தைத்திருந்ததால் அந்தத் தையல் பிடரியில் உறுத்தியது, அவ்வளவுதான்.

அதேபோல் அவருக்கும் ஒன்று தைத்து முடித்து, "வைகாசி விசாகத்துக்குப் போட்டுண்டு கோவிலுக்குப் போலாம்" என்று நீட்டினாள்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத் தையலை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு சிலேட்டை எடுத்தார். 'தைத்த வஸ்திரம் கோஷ்டியில் கூடாது. தோளில் துணியும் கூடாது. ராமானுஜன் சொல்லிவிட்டான்.'

கோஷ்டியில் அவருக்குப் பக்கத்தில் நிற்கிறவர் ராமானுஜன். வழக்கமும் அதுதான். தைத்த சட்டை போட்டுக்கொண்டு யார் அங்கே நின்றிருக்கிறார்கள்? மேல்வேஷ்டியையே பெருமாளுக்கு முன்னால் இடுப்பில்தான் கட்டுவார்கள். குமுதவல்லிக்கு நியாயமாகத்தான் பட்டது. சரி, தையலே இல்லாமல் பின்னிவிட்டால்?

அப்படித் தொடங்கியதுதான் இந்த வட்ட ஊசி. சுற்றிச் சுற்றிப் பின்னினால் ஒரே நூல், ஒரே வளையம், தையலுக்கு இடமே இல்லை. தோளில் படாமல் கழுத்தோடு நிற்க வேண்டும், ஆனால் தலை வழியாக இறங்கவும் வேண்டும். அதற்கு இரண்டு நேர்க்கண்ணி, இரண்டு எதிர்க்கண்ணி என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். கழுத்தைவிடத் தலையளவுதான் முக்கியம். அவர் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்தபோது ஒரு நூலைத் தலையைச் சுற்றி வைத்து அளந்துகொண்டாள். சுற்று தொடங்கும் இடம் தெரிய ஊசியில் ஒரு தலைமுடி ரப்பரை மாட்டினாள்.

விசாகம் நெருங்கியது. பின்னலும் முடிகிற கட்டத்துக்கு வந்தது. கண்ணிகளை மூடி முடிக்குமுன் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமென்று ராமானுஜனுக்குப் போன் போட்டாள்.

"மன்னி, சௌக்கியமா? சுவாமி எப்படி இருக்கார்?"

"இருக்கார். அந்தத் தையல் விஷயமாத்தான் கூப்பிட்டேன். இப்போ தையலே இல்லாமப் பின்னியிருக்கேன். தோள்லயும் படாது. இதுக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்லையே?"

"மன்னி... நான் எங்கே ஆட்சேபம் சொன்னேன்? உடம்புக்கு முடியாதவர் என்ன போட்டுண்டு வந்தா என்ன? அவர்தான் எனக்கு மெசேஜ் அனுப்பினார். 'மன்னி கேட்டா தைச்சது கூடாதுன்னு நீ சொன்னதா இருக்கட்டும்'னு. எனக்கு மனசே ஆகலை. அவர் சொல்றச்சே மாட்டேங்கறதா?"

போனை வைத்தாள். ஊசியை எடுத்து விறுவிறுவென்று கண்ணிகளை மூடினாள். கடைசிச் சுற்றைத் தளர்வாக மூட வேண்டும், அதற்குப் பருமனான ஊசியை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். கோபத்தில் இருக்கிற கை அதையெல்லாம் கேட்கவில்லை. நூலை வெடுக்கென்று நறுக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள்.

"இந்தாங்கோ. தையலும் இல்லே, தோள்லயும் படாது. இப்போ என்ன சாக்கு சொல்லப் போறேள்?"

அவர் நிமிரவில்லை.

"ராமானுஜன் சொல்லிட்டார். ஏன்னா, என்னண்டயா பொய்? நான் பாட்டுக்குக் கண்ணு தெறிக்க உக்காந்து பின்னிண்டிருக்கேன், நீங்க பார்த்துண்டு சும்மா இருந்திருக்கேளே!"

யதிராஜனின் கழுத்தடியில் காற்று சீறிற்று. சிலேட்டுக்குச்சி உடைகிற அழுத்தத்தில் எழுதி சிலேட்டைத் திருப்பினார். 'அத்தனை பேர் சேவிக்க நடுவில் ஊமையாய் நிற்கச் சொல்கிறாயா?'

குமுதவல்லி அதைப் படித்தாள். எத்தனையோ சமாதானம் வாயில் வந்தது. எதுவும் அவரிடம் செல்லாது என்று அவளுக்கே தெரிந்தது. கடைசியில் வந்தது அவள் யோசிக்காத ஒன்று.

"நான் நிக்கலையா?"

அவர் பார்த்தார்.

"கல்யாணம் ஆகி வந்த நாள்லேர்ந்து உங்களுக்குப் பின்னாடி பொம்மனாட்டிகள் கூட்டத்துல நிக்கறேன். அத்தனை பாசுரமும் எனக்கும் மனப்பாடம். உங்களுக்கு அடி தடுமாறினப்போ நான் பின்னாலேர்ந்து உள்ளுக்குள்ள சொல்லியிருக்கேன், தெரியுமோ? ஒரு தடவை வாயைத் திறந்திருப்பேனா? திறக்கத்தான் விட்டிருப்பேளா? ஊமையாத்தான் நின்னேன். அதுக்காக ஐயோ பாவம்னு யாரும் என்னைப் பார்க்கலை. நீங்களும்தான் பார்க்கலை."

சொல்லி முடித்ததும் அவளுக்கே பயமாகிவிட்டது. இப்படிப் பேசவா உள்ளே வந்தாள்? துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது.

அவர் சிலேட்டைத் துடைத்தார். குச்சியை எடுத்தார், எழுதாமல் வைத்துவிட்டார். பிறகு கையை நீட்டினார். அவள் புரியாமல் நின்றாள். அவர் அவள் கையிலிருந்த வளையத்தைத் தானே எடுத்து, தலையில் மாட்டினார்.

அது இறங்கவில்லை. புருவத்துக்கு மேலே இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. அவர் இழுத்தார். அவளும் வந்து இழுத்தாள். நெற்றித் திருமண் அழிந்து மூக்கெல்லாம் சிவப்பும் வெள்ளையுமாகப் பூசிக்கொண்டதே தவிர, வளையம் ஓர் அங்குலம் நகரவில்லை.

"கோவத்துல இறுக்கி மூடிட்டேன்" என்றாள் குமுதவல்லி. "எடுத்துடுங்கோ. வலிக்கப் போறது."

அவர் கழற்றினார். கட்டில் மேல் எறியப் போகிறார் என்றுதான் நினைத்தாள். அவர் எறியவில்லை. விளிம்பில் தொங்கிய நூல் முனையைத் தேடி எடுத்து அவள் விரலில் வைத்தார். அவிழ் என்பதுபோலக் கையைச் சுழற்றிக் காட்டினார்.

"போலாமா? நிஜமா?"

அவர் தலையை ஆட்டவில்லை, மறுக்கவும் இல்லை. சிலேட்டில் மட்டும் எழுதினார். 'பின்னால் நிற்கிறேன். உன் பக்கத்தில்.'

"பொம்மனாட்டிகள் நடுவிலயா? நன்னா இருக்கு! முருகேஸ்வரி கேட்டா சிரிப்பா."

ஆனாலும் அவள் பெரிய ஊசியைத் தேடி எடுத்துக்கொண்டு அவரெதிரே தரையில் உட்கார்ந்தாள். இறுகிய விளிம்பை ஒவ்வொரு கண்ணியாகப் பிரித்தாள். பிரிந்து வந்த நூலை யதிராஜன் சிக்கல் விழாமல் தன் விரல்களில் சுற்றிக்கொண்டே வந்தார்.