வராதோ என்ற பயம்

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பத்தொன்பது வருடமாக ஒரே திகில் எழுத்தாளருக்குப் பிழை திருத்துகிறேன். பதிப்பகத்தில் அவரை 'நடுக்கம் சார்' என்போம். நூற்றுப் பன்னிரண்டு நாவல்கள்.* போன மாதம் அவர் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து சொன்னது இது. அவரே எழுதியிருந்தால் நீங்கள் போர்வைக்குள் படித்திருப்பீர்கள்.

முதல் வரி: 'அன்று காலை வானம் ரத்தச் சிவப்பாக—'

(வேண்டாம். அது அவர் வரி. திருத்தித் திருத்தி எனக்கும் தொற்றிவிட்டது.)

* அவருடைய பேய்களுக்கு வல்லினம் மிக வேண்டிய இடத்தில் மிகாது. தேவையில்லாத இடத்தில் அலறும்.

2

சர்க்கரை அளவு பார்க்க, வெறும் வயிற்றோடு பரிசோதனை நிலையத்துக்குப் போயிருந்தார். ஊரையே நடுங்க வைப்பவருக்கு ஊசி என்றால் உதறல். துணைக்கு மனைவி. அந்த அம்மாள் கணவரின் நாவல் ஒன்றைக்கூடப் படித்ததில்லை. "உங்க மூஞ்சிய தினம் பாக்கறேனே, அது போதாதா?" என்பார்.

ரத்தம் எடுக்கிற பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். கையில் ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பைத் தட்டினார்.

"முடிஞ்சிருச்சாம்மா?"

"இன்னும் குத்தவே இல்ல சார்."

அப்புறம் படிவத்தில் பெயரைப் பார்த்தார். "'சாத்திய கதவு' எழுதினது நீங்களா?"

அந்த நாவலில் செத்துப்போன எட்டு வயதுச் சிறுமி ஒவ்வொரு இரவும் வந்து வீட்டுக் கதவைத் தட்டுவாள். கடைசி அத்தியாயத்தில் தாய், "போயிரு" என்று சொல்லித் தாழ்ப்பாள் போட்டுவிடுவாள்.

"பதினோரு தடவ படிச்சிருக்கேன் சார். கடைசி அத்தியாயம் மட்டும் ஒரு தடவதான்."

"அவ்வளவு பயமாம்மா?" என்று இவர் பூரித்தார்.

அந்தப் பெண் பஞ்சை வைத்து அழுத்தினார். "எல்லாருக்கும் பேய் வந்துருமோன்னு பயம். எனக்கு வராதோன்னு பயம்."

ஏழு வருடத்துக்கு முன்னால் காய்ச்சலில் போன மகள். அவளுக்கும் எட்டு வயது.

"அடுத்த பதிப்புலயாவது அந்தப் பிள்ளைய உள்ள விட்டுருங்க சார்."

3

இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. வசனம் வாகாக இருக்கிறதே, அந்தப் பெண்ணையே இவர் கற்பனை செய்துவிட்டாரோ? கேட்டேன்.

"நான் எழுதின வசனமா இருந்தா ரெண்டு ஆச்சரியக்குறி இருக்குமேய்யா" என்றார். நியாயம்தான்.

வீட்டுக்குப் போய் வாசகர் கடிதப் பெட்டியைக் கவிழ்த்தாராம். 'உங்கள் கதை படித்து பாத்ரூமுக்குத் தனியாகப் போக முடியவில்லை' என்ற வரியைப் பார்த்ததும் மகிழ்ந்துபோய் மடித்து வைப்பது அவர் வழக்கம். அதற்கு அடுத்த வரியை அவர் படித்ததே இல்லை. இப்போது படித்தார். ஒரு கடிதத்தில்: 'அப்பா போனபிறகு வீட்டில் நான் மட்டும்தான்.' இன்னொன்றில்: 'உங்கள் புத்தகத்தில் யாராவது படியேறி வருகிறார்கள், சார்.'

முப்பது வருடமாகத் தான் விற்றது என்ன என்று மனிதருக்குக் குழம்பிவிட்டது. பயத்தைத் தேடித்தான் வாசகன் வருகிறான் என்று நானும் நம்பியிருந்தேன். ஆகவே வாசகன் என்பவன் உண்மையில்—

(முடிக்கத் தெரியவில்லை. விட்டுவிடுகிறேன்.)

4

'சாத்திய கதவு' மறுபதிப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. மூன்றே நாளில் புதுக் கடைசி அத்தியாயம் எழுதிவிட்டார். தாய் கதவைத் திறக்கிறாள். சிறுமி உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டுகிறாள். வருடங்கள் போகின்றன, ஆட்டிக்கொண்டே இருக்கிறாள்.

"கதவைத் திறந்துட்டா திகில் எங்க சார்? குடும்பக் கதையாயிரும்" என்றார் பதிப்பாளர்.

இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தாள்களோடு பரிசோதனை நிலையத்துக்குப் போனார். மனைவியும் கூடப் போனார். அந்தப் பெண், ரத்தம் அடைத்த கண்ணாடிக் குழாய்களைச் சுழற்றும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றபடியே படித்துவிட்டு மடித்தார்.

"நல்லாருக்கு சார்."

"ஏம்மா, முகம் சரியில்லையே?"

"இவ இன்னும் எட்டு வயசுலயே உக்காந்திருக்கா. என் பொண்ணுக்கு இப்ப பதினஞ்சு. என் உயரம் வந்திருப்பா."

"பதினஞ்சுன்னு மாத்திரட்டுமா?"

"அந்த முகம் எனக்கே தெரியாதே சார். நீங்க எப்படி எழுதுவீங்க?"

மனைவிதான் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "பேர் என்னம்மா வெச்சிருந்த?" என்று கேட்டார். அந்தப் பெண் சொன்னார். (எனக்குத் தெரியும். எழுதமாட்டேன்.) அன்று சாயங்காலம் மனைவி முதல் முறையாக அவருடைய நாவலை எடுத்துப் படித்தார்.

5

நடுக்கம் சார் பழைய முடிவு, புது முடிவு இரண்டையும் என் மேஜையில் வைத்தார். "நீ பிழை திருத்தறவன்தானே. இதுல எது பிழைன்னு சொல்லுய்யா."

"எனக்கு ஒற்றுப்பிழைதான் தெரியும் சார்."

அவர் என் சிவப்புப் பேனாவை வாங்கி, 'தாய் எழுந்து கதவருகே போனாள்' என்ற வரிக்குப் பின்னால் இருந்த எல்லாவற்றையும் அடித்தார். தாழ்ப்பாள் போயிற்று. நாற்காலியும் போயிற்று. அப்படியே அச்சாகிவிட்டது. முதல் பிரதியைத் தபாலில் அந்தப் பெண்ணுக்கு அனுப்பினோம்.

இதுவரை பதினான்கு புகார்கள் வந்திருக்கின்றன: 'கடைசிப் பக்கம் காணவில்லை, மாற்றித் தரவும்.' ஒவ்வொன்று வரும்போதும் பதிப்பாளர் என்னை முறைக்கிறார். பரிசோதனை நிலையத்திலிருந்து மட்டும் புகாரும் இல்லை, பதிலும் இல்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று நடுக்கம் சார் தினமும் போன் பண்ணி என்னைக் கேட்கிறார்.

நான் உங்களைக் கேட்கிறேன்.