வாத்தியாரின் வலது கால்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவரை அந்தப் பக்கத்தில் எல்லோரும் வாத்தியார் என்றே கூப்பிட்டார்கள். ஸ்டீயரிங்கைத் தொட்டதுமே வியர்த்துக் கொட்டும் ஆட்களாகப் பார்த்து அவரிடம்தான் டிரைவிங் ஸ்கூல் முதலாளி தள்ளிவிடுவார். வாத்தியார் பக்கத்து சீட்டில் சாய்ந்துகொண்டு, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கின் மேல் காலை லேசாக வைத்துக்கொள்வார். "பயம் வண்டியில இல்ல, மனசுல இருக்கு. அதத் தள்ளி வச்சுட்டு கிளட்ச்ச விடுங்க" என்பார். மூச்சுக்கு முந்நூறு தரம் சொல்லித் தேய்ந்த வசனம்.

ஒருநாள் வகுப்பு முடிந்து தனியாகத் திரும்பும்போது ஒரு லாரி குறுக்கே புகுந்து காரை உரசித் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தியது. கதவு நசுங்கியதோடு சரி, அவர் மேல் கீறல்கூட இல்லை. லாரிக்காரனிடம் நிதானமாகப் பேசி, கூடியவர்களை அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று மனைவி பெருமூச்சு விட்டாள்.

பட்டறையிலிருந்து வண்டியை எடுக்கப் போன அன்றுதான் வினை வந்தது. சாவியைத் திருப்பினார். வலது கால் பிரேக்கை அமுக்கியது, அமுக்கியதுதான். எடு என்றால் எடுக்கவில்லை. நெஞ்சு தடதடத்தது. கடைசியில் மெக்கானிக் குனிந்து, அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி வெளியே வைத்தான்.

ஆஸ்பத்திரியில் இதயம், நரம்பு, ரத்தம் எல்லாம் பார்த்தார்கள். குறை ஒன்றும் இல்லை. அதிர்ச்சி உள்ளே தங்கிவிட்டது, மனநல டாக்டரைப் பாருங்கள் என்றார்கள். அது வீட்டில் யார் காதிலும் ஏறவில்லை. மச்சான் வந்து, மாமா சிங்கமாச்சே என்று தோளைத் தட்டிவிட்டுப் போனான். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவிக்கு எந்த நோய்க்கு எந்த மாத்திரை என்பது அத்துப்படி. இதற்கு மட்டும் அவளிடம் ஒன்றும் இல்லை. "மனசத் திடப்படுத்திக்கோங்க" என்றாள். அவரும் முயன்றார். குளியலறையில் நின்று தன் வசனத்தைத் தனக்கே சொல்லிப் பார்த்தார். ஊருக்கெல்லாம் பலித்த மருந்து அவரிடம் மட்டும் வெறும் தண்ணீராகப் போயிற்று.

ஓட்டத்தானே முடியவில்லை, உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கலாமே என்று வேலைக்குப் போனார். அன்று வந்தது பல் டாக்டரம்மா. இரண்டு தடவை லைசென்ஸ் பரீட்சையில் தோற்றவர். வண்டி நகர்ந்தது, குலுங்கி நின்றது. மறுபடி நகர்ந்தது, மறுபடி நின்றது. "மன்னிச்சுக்குங்க சார், எனக்கு வரவே மாட்டேங்குது" என்று அந்த அம்மா கண் கலங்கினார். நிறுத்துவது தன் கால்தான் என்று வாத்தியாருக்குத் தெரியும். தெரிந்தும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அந்த வெட்கம் பொறுக்காமல்தான் கடைசியில் வாயைத் திறந்தார்.

"தப்பு உங்க மேல இல்லம்மா. என் கால் நான் சொல்றதக் கேக்கல."

டாக்டரம்மா இன்ஜினை அணைத்தார். "பல்லு பிடுங்க வர்றவங்ககிட்ட பயப்படாதீங்கன்னு நான் சொல்றதில்ல சார். சொன்னா யாரு கேக்குறா? கையத் தூக்குங்க, உடனே நிறுத்திடுறேன்னு மட்டும் சொல்வேன். நீங்களும் காலை எடுத்துடுங்க, பயம் வந்தா கையத் தூக்குங்க, நான் நிறுத்துறேன்."

வாத்தியார் தன் காலை இரண்டு கையாலும் தூக்கித் தள்ளி வைத்துக்கொண்டார். சிரிக்கத்தான் வேண்டும், கற்க வந்தவர் ஓட்ட, கற்பிக்க வந்தவர் பல் பிடுங்க வந்தவர்போல வாயை இறுக்கி உட்கார்ந்திருந்தார். முதல் தெரு தாண்டியது. பெட்ரோல் பங்க் தாண்டியது. எதிரே ஒரு லாரி திரும்பியதும் வாத்தியாரின் கை தானாகத் தூக்கிக்கொண்டது. டாக்டரம்மா ஓரம் கட்டி நிறுத்தினார். லாரி தன்பாட்டுக்குப் போயிற்று. வாத்தியார் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எவ்வளவு நேரமென்று அவருக்கே தெரியாது. அந்த அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டுக் காத்திருந்தார்.

அதற்குமேல் போக முடியவில்லை. ஆபீசுக்கு போன் செய்து வேறொருவரை வரச்சொல்லி, வாத்தியார் நடந்தே வீடு திரும்பினார். அந்த வாரமே முதலாளி புது ஆளை வைத்துக்கொண்டார். பலகையில் சாலைக்குறிகளை வரைந்து சொல்லிக்கொடுக்கும் வேலையை இவருக்குக் கொடுத்தார்.

ஆனால் நடந்து திரும்பிய அன்றே, வீட்டுக்கு வந்தவர் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"எனக்குப் பயமா இருக்குடி. திடமா இருன்னு மட்டும் சொல்லாத. முடிஞ்சா இருக்க மாட்டேனா?"

இருபது வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை. மடித்த சட்டையையே திரும்பத் திரும்ப மடித்தாள். பிறகு, நாளைக்குக் கடைக்கு லீவு சொல்லிவிடுகிறேன், அந்த மனநல டாக்டரிடம் சேர்ந்தே போவோம் என்றாள். பஸ்ஸா, நடையா என்று கேட்டாள். நடை என்றார். தூரம் அதிகம்தான் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.