ஏழாவது துண்டு

ஜனவரி ஆறாம் தேதி எங்கள் தெருப் பெண்கள் சங்கத்தில் கிங் கேக் வெட்டுவோம். நியூ ஆர்லியன்ஸில் கார்னிவல் திருவிழா அன்றைக்குத்தான் தொடங்குகிறது. கேக்குக்குள் ஒளிந்திருக்கும் பிளாஸ்டிக் பாப்பா எவள் துண்டில் வருகிறதோ, அவள்தான் அந்த வருஷம் ராணி. ஊர்வல வண்டியின் உச்சியில் அவளுக்குத்தான் இடம். வெட்டும்போது கத்தி பாப்பாவின் மேல் பட்டால் வெளியே சொல்லாமல் தட்டுகளை இடம் மாற்றிக் கலைத்துவிட வேண்டும். அதுதான் முறை.

இந்த வருஷம் கத்தி என் கையில். ஏழாவது துண்டில் நறுக்கென்று இடித்தது. நான் கலைக்கவில்லை. இன்னும் வந்து சேராத என் மகள் கியானாவுக்கு என்று அந்தத் தட்டை ஓரமாக எடுத்து வைத்தேன். பெற்றவள் ஆசை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெட்கங்கெட்ட சமாதானம்.

ஒடாலி எனக்கு அக்கா மாதிரி. இருபத்தாறு வருஷமாக ராணிகளுக்கு உடை தைக்கிறவள். ஒரு தடவைகூட ராணி ஆனதில்லை. சர்க்கரை வியாதியில் போன வருஷம் கால்விரல் ஒன்றை எடுத்துவிட்டார்கள்.

“இன்னிக்கு ஒரு நாள் டாக்டர் வாயை மூடிக்கிட்டு இருக்கட்டும்” என்று சொல்லித் தன் துண்டைத் துளித்துளியாகப் பிய்த்துத் தின்றாள். ஒன்றும் இல்லை. மற்றவர்களுக்கும் இல்லை.

“வெர்னெல், மிச்சம் ரெண்டு துண்டு கிடக்கே. பாப்பா அதுல இருந்தாலும் இருக்கும்டி. இங்க தள்ளு.”

“வேணாம்க்கா, உடம்புக்கு ஆகாது.”

“அடுத்த வருஷம் நான் இருக்கேனோ என்னவோ. குடுடி.”

கொடுத்தேன். இல்லை என்று தெரிந்தே கொடுத்தேன். இரண்டையும் தின்று முடித்தாள்.

அப்போது கியானா வந்தாள். ஓரமாக வைத்த தட்டை எடுத்து ஒரு கடி கடித்தாள்; பாப்பா பல்லில் தட்டுப்பட்டது.

“அம்மா, எனக்கா வந்திருக்கு? ஐயோ, ஊர்வலத்தன்னிக்கு எனக்கு டூட்டி. ஒடாலி பெரியம்மா, நீங்களே வச்சுக்குங்க.”

ஒடாலியின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு மறுத்துத் தலையை ஆட்டினாள்.

“கேக்கு உன்னைத்தான் கண்ணு கேக்குது. அதை மாத்த நமக்கு உரிமை இல்ல. லீவு போடு.”

பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து என் மகளின் இடுப்பில் சுற்றினாள்.

“வெர்னெல், இந்த முனையைப் பிடி.”

பிடித்தேன்.

“ஏன்டி நாடாவைத் திருப்பிப் பிடிச்சிருக்க? சந்தோஷத்துல தலகால் புரியலையா?”

“ஆமாக்கா” என்றேன்.